ஃபார்மட் செய்வதற்கு முன்

மடிக்கணினி ஒன்று காலையில் சரியாகத் திறக்கவில்லை என்றால், ஆசிரியர் அறையில் முதலில் எழும் யோசனை "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான். அரூர்க் கடைக்குப் போனாலும் பெரும்பாலும் அதே பதில் கிடைக்கும். அரை நாளில் கணினி புதிது போல் திரும்பி வரும். உள்ளே இருந்த மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைக்காகத் தொகுத்த சாதிச் சான்றிதழ் நகல்கள், ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள் மட்டும் இருக்காது.

தீர்த்தமலைப் பகுதியில் கணினிப் பயிற்றுநராக இருப்பதால், எங்கள் பள்ளிக் கணினிகளோடு சக ஆசிரியர்களின் மடிக்கணினிகளும், படித்து முடித்துப் போன பிள்ளைகளின் மடிக்கணினிகளும் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு வகைப் பழுது அண்மைக்காலமாக அடிக்கடி வருகிறது. நேற்று மாலை வரை ஓடிய கணினி, இரவில் ஏதோ ஒரு அப்டேட் முடிந்த பிறகு, காலையில் வேறு ஏதோ கேட்கிறது அல்லது எதுவுமே காட்டாமல் நிற்கிறது. விசாரித்தால் அந்த அப்டேட் விண்டோஸுக்கு வந்ததல்ல, கணினியின் நிலைபொருளுக்கு வந்தது என்று தெரியும். இந்த வகைப் பழுதுக்கு ஃபார்மட் மருந்தே அல்ல. ஏன் அல்ல என்பதையும், வேறு என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன். கணினிப் பாடம் நடத்தாத ஆசிரியர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடத்தில் தண் தொடக்கம், உடன் தொடக்கம் என்று படிக்கிறோம். மின்சாரம் கொடுத்தவுடன் கணினி முதலில் படிப்பது விண்டோஸையோ லினக்ஸையோ அல்ல. தாய்ப்பலகையில் எட்டுக் கால்களோடு ஒட்டியிருக்கும், கடலைப்பருப்பு அளவுள்ள ஒரு சிறு சில்லில் எழுதப்பட்ட நிரலைத்தான் அது முதலில் படிக்கிறது. அந்த நிரலே நிலைபொருள். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். இப்போதைய கணினிகளில் யு.இ.எஃப்.ஐ. என்கிறார்கள், பேச்சு வழக்கில் இன்னும் பயாஸ்தான். விசைப்பலகை இருக்கிறதா, நினைவகம் இருக்கிறதா, வட்டு எங்கே என்று சரிபார்த்து, வட்டில் உள்ள இயங்குதளத்தை எழுப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது.

நம் கோப்புகள் வட்டில் இருக்கின்றன. நிலைபொருள் சில்லில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடம். கிணற்று மோட்டார் ஓடவில்லை என்பதற்காக யாரும் வயலில் நிற்கும் பயிரை உழுது அழிப்பதில்லை. சில்லில் நேர்ந்த மாற்றத்துக்கு வட்டைத் துடைப்பது ஏறக்குறைய அந்த வேலைதான். சில சமயம் ஃபார்மட் செய்த பிறகு கணினி ஓடவும் செய்கிறது. அதனால்தான் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. புதிய அமைப்புக்கு ஏற்றபடி விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் ஓடத்தானே செய்யும்? பழைய அமைப்பைத் திருப்பி வைத்திருந்தாலும் ஓடியிருக்கும், கோப்புகளும் தங்கியிருக்கும்.

இந்தச் சில்லை எதற்காகத் தொட வேண்டும், வாங்கியபடியே விட்டுவிடலாமே என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்ற வைரஸ், பல நாடுகளில் கணினிகளின் வட்டுத் தகவலோடு பயாஸ் சில்லையும் அழித்து எழுதியது. அப்போது எந்த நிரலும் அந்தச் சில்லில் எழுதிவிட முடிந்தது. அதன் பிறகு பூட்டுகள் வந்தன. இன்று உற்பத்தியாளரின் மின்னணுக் கையொப்பம் இல்லாத நிரலைப் பெரும்பாலான மடிக்கணினிகள் ஏற்பதில்லை. ஆனால் பூட்டிலும் ஓட்டைகள் வெளிப்படுகின்றன. 2018 ஜனவரி 3 அன்று ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற குறைகள் வெளியுலகுக்குத் தெரிந்தன. அவை செயலியின் வடிவமைப்பிலேயே இருந்தவை என்பதால், ஸ்பெக்டரின் ஒரு வகையை அடைக்கச் செயலிக்குள் இருக்கும் நுண்நிரலையே மாற்ற வேண்டியிருந்தது. அவசரமாக வந்த அந்தத் திருத்தத்தால் பல கணினிகள் தாமாக அணைந்து எழத் தொடங்கின. அதே ஜனவரி 22 அன்று இன்டெல் நிறுவனமே அந்தத் திருத்தத்தைப் பரப்புவதை நிறுத்தச் சொன்னது. உலகின் பெரிய நிறுவனத்துக்கே இது எளிய வேலையல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு செய்தியையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். கணினி எழும்போது இயங்குதளம் நம்பத்தக்கதா என்று பார்க்கும் செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டுக்கு, மைக்ரோசாஃப்ட் 2011-இல் வெளியிட்ட சான்றிதழ்களே பல கணினிகளில் அடிப்படை. அவை 2026 ஜூன் முதல் காலாவதியாகின்றன. புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவும், சில கணினிகளில் நிலைபொருள் அப்டேட் வழியாகவும் வருகின்றன. சான்றிதழ் மாறாத கணினி அன்றே நின்றுவிடாது. தொடக்க நிலைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள்தான் அதற்குப் பிறகு கிடைக்காமல் போகும். ஆகவே இந்தக் காலகட்டத்தில் நிலைபொருள் தொடர்பான மாற்றங்கள் நம் பள்ளிக் கணினிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க சார்" என்று பழுதோடு வருபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அது உண்மை. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே நிலைபொருள் அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரலாம். "அப்டேட் செய்து அணை" என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அதில் இதுவும் ஒன்றாக இருக்கிறது. கணினி திறக்கிற நிலையில் இருந்தால், அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் வரலாற்றுப் பக்கத்தில் இயக்கிகளுக்கான பட்டியலைப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயரோடு ஃபர்ம்வேர் என்ற சொல் அண்மைத் தேதியில் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இனி, எங்கே தேடுவது? வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் மாணவர் எடுத்தவுடன் விடையைச் சொல்வதில்லை. தொகுதி தொகுதியாக விலக்கிக்கொண்டே போகிறார். இங்கும் அதே முறைதான். கணினி எழுவதில் படிகள் உள்ளன; எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டால் பாதி வேலை முடிந்தது. விளக்கே எரியவில்லையா? விளக்கு எரிந்து, விசிறி ஓடி, திரை மட்டும் கறுப்பா? நிறுவனத்தின் சின்னம் வந்து அதற்குப் பின் நிற்கிறதா? நீலத் திரையில் எண் கேட்கிறதா? முகப்புத் திரை வரை வந்துவிட்டு வைஃபையோ தொடுபலகையோ மட்டும் இல்லையா? ஐந்தும் வேறு வேறு இடத்துப் பழுதுகள். கடைசியாகச் சொன்னது மிக எளியது. உற்பத்தியாளர் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய இயக்கியை ஏற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸில் 'ஷட்டவுன்' கொடுத்தால் வேகத் தொடக்கத்துக்காகப் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்வதால், இதற்கு ரீஸ்டார்ட்தான் சரி.

கறுப்புத் திரைதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. நிலைபொருள் மாறிய பின் முதல்முறை எழும்போது, நினைவகத்தை மீண்டும் அளந்து பழகிக்கொள்ளச் சில கணினிகள் ஓரிரு நிமிடங்கள், சில வேளை அதற்கு மேலும், திரையில் எதுவும் காட்டாமல் இருக்கும். அப்டேட் நடக்கும்போதும் திரை இருண்டு, விசிறி இரைந்து, இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான் உண்மையான ஆபத்து. சில்லில் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனால் கணினிக்கு முதலில் படிக்க ஒன்றுமே இராது. நான் அரை மணி நேரம் விட்டுவிடச் சொல்வேன். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அரை மணிக்குப் பிறகும் அசைவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் இணைத்துத் திறந்து பாருங்கள். விசைப்பலகை, விசிறி, மின்னேற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் தனிச் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உண்டு. அதற்கும் அப்டேட்டோடு புதிய நிரல் வந்து, அது குழம்பி நிற்கும் நேரங்களில் இந்த 30 விநாடியே போதுமானதாக இருக்கிறது. அதற்கும் எழாவிட்டால் சில நிறுவனங்கள் மீட்பு வழி வைத்திருக்கின்றன. எச்.பி. கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்த வேண்டும். டெல் கணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். உள்ளே சேமித்து வைத்த பழைய நிலைபொருளைக் கொண்டு அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளப் பார்க்கும். அதுவும் பலிக்காவிட்டால் பழுது நீக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "பயாஸ் சில்லை மட்டும் மறுபடி எழுதுங்க, ஹார்டு டிஸ்க்கைத் தொடாதீங்க." சில்லு மட்டத்தில் வேலை தெரிந்தவர்களிடம் அதற்கான சிறு கருவி இருக்கிறது. வட்டில் ஒரு கோப்புக்கூடக் குறையாமல் கணினி திரும்பி வரும். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் உற்பத்தியாளரின் சேவை மையத்துக்கே போங்கள். திருகாணியைத் தொட வேண்டாம்.

இனி நீலத் திரைக்கு வருகிறேன். இதில்தான் இழப்பு அதிகம். எங்கள் ஆசிரியர் ஒருவரின் மடிக்கணினி ஒரு திங்கள் காலை 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. பன்னிரண்டாம் வகுப்பு அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் முழுவதும் அதில் இருந்தன.

"சார், இது ஏதோ வைரஸ், பணம் கேக்கும்னு தம்பி சொல்றான். கடையில குடுத்தா இன்னைக்கே ஃபார்மட் பண்ணித் தருவாங்களாம்."

"குடுத்துடாதீங்க டீச்சர். இது பூட்டு. வைரஸ் இல்லை."

அந்தப் பூட்டின் பெயர் பிட்லாக்கர். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொண்டு முதல்முறை நுழையும்போதே பல கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. 2024 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. சாவி டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் நிலைபொருள் நேற்றிருந்தது போலவே இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்த்துச் சாவியைத் தரும். தினமும் வருகிறவர் ஒருநாள் மீசையை மழித்துக்கொண்டு வந்தால் காவலாளி வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதில்லையா? நிலைபொருள் மாறிய மறுநாள் நடப்பதும் அதுதான். முறையாக வந்த அப்டேட் முன்கூட்டியே பூட்டைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட வேண்டும். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2024 ஜூலை மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் சில கணினிகள் இந்தத் திரையைக் காட்டியதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு அடுத்த மாதம் திருத்தம் தந்தது.

அந்த எண் எங்கே கிடைக்கும்? கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில். கைப்பேசியிலேயே அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதிக்குள் அந்த மடிக்கணினியின் மீட்புச் சாவிப் பக்கத்துக்குப் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்பார்த்துச் சரியானதை எடுக்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கணினி வாங்கிய அன்று "மெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டு, நாம் தயங்கினால், விற்றவரோ உடன் வந்தவரோ தன் மின்னஞ்சலிலேயே கணக்கைத் திறந்து முடித்துவிடுகிறார். சாவி அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. டீச்சரின் சாவி அவருடைய அண்ணன் மகனின் கணக்கில் இருந்தது. கோவையில் இருக்கும் அந்தத் தம்பியைத் தொலைபேசியில் பிடித்து, எண்ணைச் சொல்லச் சொல்லி எழுதினோம். மதிய உணவு இடைவேளைக்குள் கணினி திறந்தது. எண் எங்குமே கிடைக்கவில்லை என்றால் தகவலை யாராலும் மீட்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. "திறந்து தருகிறேன்" என்று சொல்லும் கடை ஃபார்மட்டைத்தான் சொல்கிறது.

அன்று எண்ணை எழுதி வாங்கியபோது ஒரு தொகுதி தவறிவிட்டது. அதைக் கண்டுபிடித்த விதம் கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். 48 இலக்கங்களும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் எண். நடுநிலை வகுப்பில் பிள்ளைகள் படிக்கிற அதே விதி: ஒன்றுவிட்ட இலக்கங்களைத் தனித்தனியாகக் கூட்டி, இரண்டு கூட்டுத்தொகைகளின் வேறுபாடு 0 ஆகவோ 11-இன் மடங்காகவோ இருக்கிறதா என்று பார்ப்பது. எடுத்துக்காட்டாக 271513 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2, 1, 1 கூட்டினால் 4, 7, 5, 3 கூட்டினால் 15, வேறுபாடு 11. சரியான தொகுதி. கேட்டு எழுதியவர் கடைசி இரண்டை இடம் மாற்றி 271531 என்று எழுதிவிட்டால் 6, 13 என்று வந்து வேறுபாடு 7 ஆகிவிடும். ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும், அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்த விதி கட்டாயம் காட்டிக்கொடுக்கும். ஏன் கட்டாயம் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இரண்டு வரியில் நிறுவிவிடலாம். ஒவ்வொரு தொகுதியும் 0 முதல் 65,535 வரையுள்ள ஓர் எண்ணின் 11 மடங்கு என்பதால் 7,20,896-ஐ எந்தத் தொகுதியும் எட்டாது. அதையும் பிள்ளைகள் கணக்கிட்டுச் சொல்லலாம். வகுபடும் தன்மை எதற்குப் பயன்படும் சார் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

தட்டச்சு செய்யும்போது விசைப்பலகையில் எண் விசை ஏதேனும் பழுதாக இருந்தால் மேல்வரிசை எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9 ஆகவும், எஃப்10 பூச்சியமாகவும் அந்தத் திரையில் வேலை செய்யும். ஏ.எம்.டி. செயலி உள்ள சில கணினிகளில் நிலைபொருள் மாறிய பின், பாதுகாப்புப் பகுதியை அழித்துப் புதிதாக்க ஒய், பழையதை வைத்துக்கொள்ள என் என்று ஒரு கறுப்புத் திரை கேட்கும். 48 இலக்க எண் கையில் இல்லாதவரை ஒய்யை அழுத்தாதீர்கள்.

பழைய கணினிகளின் கதை வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த கணினிகளில், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கணினிகளில் சில இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அக்காவுக்கு வந்தது, தங்கை படித்து, இப்போது தம்பியின் கையில். அப்படி ஒன்றைப் புது விண்டோஸ் ஏற்றுவதற்கு முன் நிலைபொருளையும் புதுப்பித்துவிடலாம் என்று ஒரு கடையில் செய்திருக்கிறார்கள். பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று காட்டியது. வட்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிப் பையன் கையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டு போகவில்லை. நிலைபொருள் மாறியதில் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, பழைய லெகசி முறை அணைந்து யு.இ.எஃப்.ஐ. முறை ஏறியிருந்தது. அந்த வட்டில் இயங்குதளம் பழைய முறையில் ஏற்றப்பட்டது. புது முறையின் கண்ணுக்கு அது தெரியாது. அமைப்புத் திரைக்குள் போய் லெகசி என்று மாற்றியதும் எழுந்துவிட்டது. செலவு ஒன்றும் இல்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்னும் சில. வட்டை அணுகும் முறையில் ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்று இரண்டு உண்டு. ரெய்டில் ஏற்றிய விண்டோஸ் ஏ.எச்.சி.ஐ.க்கு மாறிவிட்டால் நீலத் திரையில் 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று நிற்கும். முன்பிருந்ததைத் திருப்பி வைத்தால் போதும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் தொடக்க வரிசையில் விண்டோஸ் முதலிடத்துக்கு வந்திருக்கும். லினக்ஸ் அங்கேயேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் மட்டும் இதற்கு விதிவிலக்கு. இரட்டை இயங்குதளக் கணினிகளுக்குப் பொருந்தாது என்று சொல்லப்பட்ட ஒரு பாதுகாப்புத் தடை அவற்றிலும் ஏறி, பல லினக்ஸ்களை 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று சொல்லி நிறுத்தியது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துத்தான் பலர் உள்ளே போனார்கள். லினக்ஸ் பக்கத்திலும் இப்படி நடந்ததுண்டு. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10, லெனோவோ, ஏசர் உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸ் சில்லை மாற்றம் ஏற்காதபடி ஆக்கிவிட்டது. அமைப்பை மாற்றினால் நிற்கவில்லை, பென்டிரைவிலிருந்து எழவில்லை. டிசம்பரில் பதிவிறக்கத்தை நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் வருவதால், இந்த நிகழ்வை வகுப்பில் சொன்னால் இயங்குதளத்துக்கும் நிலைபொருளுக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடுகிறது.

அமைப்புத் திரைக்குள் போகும் விசை எஃப்2, எஃப்10, டெலீட் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உள்ளே போனதும் முதல் வேலை, எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுப்பது. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்தது. நான்கை ஒன்றாக மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போய்விடும்.

பதினோராம் வகுப்பில் தண் தொடக்கம் நடத்தும் வாரத்தில் இதையே செயல்பாடாக வைக்கிறேன். தேவையற்ற பழைய கணினி ஒன்றில் தொடக்க வரிசையை மாற்றி, வெறும் பென்டிரைவ் ஒன்றைச் செருகி வைப்பேன். வட்டு அணுகும் முறையை இதற்காக மாற்ற வேண்டாம், வரிசையே போதும். குழுவுக்கு ஒரு தாள். கணினியைத் தொடுவதற்கு முன், திரையில் என்ன தெரிகிறது, எந்த விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறதா, கடைசியாக யார் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடி அவர்கள் என்னையே விசாரிப்பார்கள். பிறகு, கணினி எந்தப் படி வரை நன்றாக எழுந்தது என்று வாதிட வேண்டும். "சின்னம் வருதுங்க சார், அப்போ சில்லு நல்லா இருக்கு" என்று சித்தேரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் முதல் வகுப்பிலேயே சொன்னாள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. விடையை விட அந்த 'அப்போ'தான் எனக்கு முக்கியம். செய்முறைத் தேர்வுக்கு இதில் மதிப்பெண் கிடையாது என்றாலும் ஒரு பாடவேளை ஒதுக்கலாம்.

பழுது வராமல் இருக்க அதிகம் ஒன்றும் தேவையில்லை. சித்திரை, வைகாசியில் இங்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு இடி இடித்தால் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போய்விடும். அந்த மாலைகளில் எந்த அப்டேட்டுக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள். சார்ஜர் இணைந்திருந்தாலும் பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கட்டும். பேட்டரி செத்துப்போன பழைய கணினி என்றால் யு.பி.எஸ். உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. செய்முறைத் தேர்வு வாரங்களிலும், எமிஸ் பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும் அதைப் பயன்படுத்தலாம். நிரந்தரமாக நிறுத்திவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எமிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது: பழைய கணினியில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் அமைப்புகளோடு தேதியும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது எமிஸ் தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி மறுக்கும். இணையத்தைக் குறை சொல்வதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்க அரசு அறிவித்தது. நம்மிடம் படித்துப் போன பிள்ளைகள்தான் அவற்றைப் பெறுகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பை விட்டுப் போகும் முன்பே, தன் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கும், அதன் கடவுச்சொல் தன் நினைவிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். புதுக் கணினி கைக்கு வந்த அன்றே அந்தக் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணை நோட்டில் எழுதி, எட்டுத் தொகுதிகளையும் 11-ஆல் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பள்ளிக் கணினிகளுக்கு இருப்புப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கணினிக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மாடல், வரிசை எண், எந்தக் கணக்கில் தொடங்கியது, லெகசியா யு.இ.எஃப்.ஐ.யா, வட்டு முறை எது, கடைசி நிலைபொருள் அப்டேட் எந்தத் தேதி என்பன அதில் இருக்கும். மீட்பு எண்ணும் பயாஸ் கடவுச்சொல்லும் அந்தப் பக்கத்தில் இல்லை. அவை தனித்தாளில் உறையிட்டுத் தலைமை ஆசிரியர் பீரோவில் இருக்கின்றன. ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது ஒப்படைக்கும் பட்டியலில் அந்த உறையும் ஒன்று.